உபகாரமா, சம்பளமா?

ஸ்காலர்ஷிப் என்பதற்கு நம் முன்னோர் தமிழில் ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர் வைத்தனர். பழைய பள்ளி ஆண்டறிக்கைகளிலும் பத்திரிகைகளிலும் இச்சொல்லை இன்றும் காணலாம். உபகாரம் என்பது கைம்மாறு கருதாமல் செய்வது. சம்பளம் என்பது செய்த வேலைக்குக் கூலியாகப் பெறுவது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத இவ்விரண்டையும் ஒரே சொல்லில் இணைத்துவிட்டனர். அதுமட்டுமன்று, முன்னாளில் மாணவன் பள்ளிக்குக் கட்டிய மாதக் கட்டணத்திற்கும் சம்பளம் என்றே பெயர். “சம்பளம் கட்டாத பையன்கள் எழுந்து நில்லுங்கள்” என்று ஆசிரியர் சொல்ல, தாம் எழுந்து நின்ற கதையை என் தந்தையார் பலமுறை கூறக் கேட்டிருக்கிறேன். ஆகவே, கட்டுவதும் சம்பளம், வாங்குவதும் சம்பளம், உபகாரமாகப் பெறுவதும் சம்பளம்!

மாணவர்களே, இந்த மூன்று பொருளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட வரலாறு ஒன்றினை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது நம் நாட்டில் நிகழ்ந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிறிய கல்லூரிகளிலே, கால்பந்தாட்டத்தை முன்னிட்டு நிகழ்ந்தது.

அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது நாம் ஆடும் கால்பந்து அன்று. அவர்களது பந்து முட்டை வடிவினது. அதனைக் காலால் உதைப்பது சிறுபான்மை, கையில் ஏந்தி ஓடுவதே பெரும்பான்மை. ஓடுகிறவனை எதிர் அணியினர் மோதித் தரையில் வீழ்த்துவர். களத்தில் ஒரு பக்கம் பதினொருவரே நின்றாலும், தாக்குவதற்கு ஒரு கூட்டமும் தடுப்பதற்கு மற்றொரு கூட்டமுமாக, இக்காலக் கல்லூரி அணியொன்றில் நூறு பேர் வரை இருப்பதுண்டு. கல்லூரிகளுக்கிடையே இவ்வாட்டத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது, 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்த போட்டி. ரட்கர்ஸ் 6-க்கு 4 என்று வென்றது. அன்று ஆடியவர் எல்லாம் படிக்க வந்த இடத்தில் பொழுதுபோக்காக ஆடியவர்களே. ஆடுவதற்கென்றே ஒருவனைத் தேடிப்பிடித்துக் கல்லூரியில் சேர்க்கும் வழக்கம் பின்னால் வந்தது. வந்த பிறகு போகவே இல்லை.

இவ்வழக்கத்தால் ஒரு சிறு கல்லூரி எவ்வளவு உயரம் ஏறமுடியும் என்பதற்குச் சென்டர் கல்லூரியின் கதையே சான்று. கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்னும் சிற்றூரில் 1819-இல் நிறுவப்பட்டது அக்கல்லூரி. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அங்கே படித்தவர் முந்நூறு பேர்கூட இல்லை. அதன் பழைய மாணவர் ஒருவர், மையர்ஸ் என்பவர், டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். அவர் கையில் சில அபூர்வமான பையன்கள் அகப்பட்டனர். அவர்களுள் தலையாயவன் போ மக்மில்லின். தம் பையன்களைத் தாம் படித்த கல்லூரியிலேயே சேர்த்துவிட வேண்டுமென்று மையர்ஸ் ஆசைப்பட்டார். ஆனால் மக்மில்லினுக்கும் வீவர் என்னும் தோழனுக்கும் கல்லூரியில் சேரப் போதிய பாடத் தேர்ச்சி இல்லை. ஆகவே அவ்விருவரையும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கென்டக்கிக்கு அழைத்து வந்து, சாமர்செட் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு படிக்க வைத்தனர். குறைபட்ட பாடங்கள் நிறைவுற்றன. அந்தப் பள்ளியின் கால்பந்து அணியும் அவ்வாண்டு நல்ல பலம் பெற்றது! பின்னர் இருவரும் டான்வில்லுக்குச் சென்றனர். பயிற்றுவிக்கத் தம்மினும் வல்லவர் வேண்டுமென உணர்ந்த மையர்ஸ், சார்லி மோரான் என்பவரிடம் அப்பொறுப்பை விட்டுவிட்டு மேற்பார்வையோடு நின்றார். இவ்வளவு பெருந்தன்மை பயிற்சியாளர்களிடம் எளிதில் காணக்கூடியதன்று.

1920-இல் அச்சிறு கல்லூரி ஹார்வர்டை எதிர்த்து ஆடி, 31-க்கு 14 என்று தோற்றது. 1919, 1920 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணாத அணி ஹார்வர்டு. மறு ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் சென்டர் அணி மீண்டும் ஹார்வர்டு மைதானத்தில் இறங்கியது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். முற்பாதியில் இரு தரப்பும் புள்ளி எடுக்கவில்லை. பிற்பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் மக்மில்லின் பந்தை ஏந்தி 32 கஜம் வளைந்தும் நெளிந்தும் ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தான். ஆறு புள்ளிகள். ஆட்ட முடிவிலும் அதே கணக்கு: சென்டர் 6, ஹார்வர்டு 0. டான்வில் மக்கள் சுவர்களிலெல்லாம் வேதியியல் வாய்பாடு போல் ‘சி6 ஹெச்0’ என்று வண்ணத்தால் எழுதி மகிழ்ந்தனர். வேதியியலை இத்தனை உற்சாகத்தோடு எழுதிய மாணவரை நான் என் வகுப்பில் கண்டதில்லை.

ஆனால் இவ்வெற்றியைப் படித்த பிற சிறு கல்லூரிகளின் தலைவர்கள் கற்றுக்கொண்ட பாடம் யாது? தக்க பையன்களைத் தக்க இடத்திலிருந்து கொண்டுவந்தால் நாமும் நாடறிய நிற்கலாம் என்பதே. கொண்டுவருவதற்குப் பணம் வேண்டும். பணம் கொடுப்பதையோ விதி தடுத்தது. ஆட்டத்தில் மாணவர்கள் உயிரிழக்கக் கண்டு, 1905-இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். அதன் பின்னர் உருவான சங்கமே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர் பெற்றது. ஆட்டத் திறமைக்காக மாணவனுக்குப் பொருள் கொடுத்து இழுத்தல் கூடாதென்று அது தொடக்கத்திலேயே கூறிற்று. கூறிற்றேயன்றிக் கேட்பாரில்லை. 1929-இல் கார்னெகி நிறுவனம் வெளியிட்ட பேரறிக்கை, இப்பொருள் பற்றி ஆராய்ந்த 112 கல்லூரிகளில் 81 ஏதேனும் ஒரு வகையில் ஆட்டக்காரருக்கு உதவி வழங்கி வருவதாகக் கண்டது. பழைய மாணவர்கள் மறைவாகத் திரட்டிய நிதி, பெயருக்கு மட்டுமான வேலை, திருப்பிக் கேட்கப்படாத கடன் என்று வழிகள் பல.

1948-இல் சங்கம் மீண்டும் ஒரு கடுமையான விதித்தொகுதியை இயற்றிற்று. வறிய மாணவனுக்குக் கல்விக் கட்டணம் மட்டும் தரலாம். ஆடாமல் நின்றுவிட்டான் என்பதற்காக அதனை நிறுத்தல் ஆகாது. 1950-இல் இதனை மீறிய ஏழு கல்லூரிகளை விலக்குவதற்கான தீர்மானம் வந்தது. வாக்களித்தவருள் பாதிக்கு மேற்பட்டோர் விலக்கவே விரும்பினர். ஆயினும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. அடுத்த ஆண்டே விதி கைவிடப்பட்டது. 1956-இல் சங்கம் முற்றிலும் மாறி, தேவையுண்டோ இல்லையோ, ஆட்டத் திறமைக்காகவே படிப்பு, உணவு, உறைவிடம், புத்தகம் அனைத்துக்கும் உதவித்தொகை தரலாமென்று ஒப்புக்கொண்டது. ஐம்பது ஆண்டுகள் தடுத்துப் பார்த்துத் தோற்றபின், கதவையே திறந்துவிட்டனர்.

இதே காலத்தில்தான், அந்தத் தொகை உபகாரமா, சம்பளமா என்னும் கேள்வி நீதிமன்றத்திற்குச் சென்றது. கேட்டவர்கள் பேரறிஞர்கள் அல்லர். இரண்டு இளம் கைம்பெண்கள்.

கொலராடோ மாநிலத்தில் போர்ட் லூயிஸ் என்பது மிகச் சிறிய கல்லூரி. ரே டென்னிசன் என்னும் இளைஞர் அங்கே அணியில் சேருமாறு அழைக்கப்பட்டார். அவருக்கு மனைவியும் மக்களும் இருந்தனர். பெட்ரோல் விற்பனை நிலையமொன்றில் வேலை பார்த்து வந்தார். அவ்வேலையையும் செய்துகொண்டு ஆடவும் இயலாதென்று அவர் சொல்லவே, கல்லூரிப் பண்ணையில் வேலையும் கட்டண உதவியும் கிடைக்க வழி செய்யப்பட்டது. அவர் ஆடச் சென்றார். 1955-இல் ஒரு போட்டியில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையின்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்திற்குச் சட்டம் நஷ்டஈடு அளிக்கிறதன்றோ? அதனை அவர் மனைவி கேட்டார். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1953-இல் அதே மாநிலத்தின் உச்சநீதிமன்றம், டென்வர் பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது முதுகில் காயமுற்ற நெமெத் என்ற மாணவனை ஊழியன் என்றே கொண்டு ஈடு வழங்கியிருந்தது. கால்பந்து ஆடுகிறான் என்பதற்காகவே அவனுக்கு வளாகத்தில் வேலை தரப்பட்டது என்பது அதன் காரணம்.

ஆனால் 1957-இல் டென்னிசன் வழக்கில் தீர்ப்பு வேறாக அமைந்தது. கால்பந்து ஆடுவதற்கென்று கூலி ஒப்பந்தம் எதுவுமில்லை; கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யும் நிறுவனமன்று; அவ்வாட்டத்தால் அதற்கு ஊதியமும் இல்லை என்று நீதிமன்றம் கூறிற்று. குடும்பத்திற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகமாயின் நுழைவுச்சீட்டு விற்ற பணத்தைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். சிறிய கல்லூரி என்பதே அந்தக் கைம்பெண்ணுக்கு எதிராக நின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் கொடியது. கலிபோர்னியாவின் கால்பாலி கல்லூரியில் கேரி வான் ஹார்ன் என்ற மாணவர் ஆடி வந்தார். மணமான பின் ஆட்டத்தை நிறுத்தினார். பயிற்சியாளர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்யவே, மீண்டும் அணிக்கு வந்தார். தொகை பெரிதன்று: கல்வியாண்டின் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் 50 டாலர், ஆட்டக் காலத்தில் வீட்டு வாடகைக்கு 75 டாலர். 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று அணி ஒஹையோ மாநிலத்தில் ஆடித் தோற்றுவிட்டு, இரவு டொலிடோ நகரிலிருந்து வாடகை விமானத்தில் திரும்பப் புறப்பட்டது. கடும் மூடுபனி. விமானம் மேலெழுந்த சில நொடிகளில் வீழ்ந்தது. அதிலிருந்த 48 பேரில் 22 பேர் மாண்டனர்; அவருள் 16 பேர் ஆட்டக்காரர். வான் ஹார்னும் ஒருவர். அவர் மனைவியும் பிள்ளைகளும் ஈடு கேட்டனர், முதலில் மறுக்கப்பட்டது. 1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. இத்தொகை அவர் படிப்புக்காகத் தரப்பட்டதன்று, ஆட்டத்திற்காகவே தரப்பட்டது. ஆதலால் மாணவராக இருந்துகொண்டே அவர் ஊழியருமாக இருந்தார் என்பது தீர்ப்பின் சாரம். உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவனும் ஊழியன் ஆகிவிடமாட்டான் என்றும் நீதிபதிகள் எச்சரிக்கையாகச் சேர்த்துக்கொண்டனர்.

ஒரே விதமான இழப்பு; ஒரே விதமான ஏற்பாடு; ஒரு மாநிலத்தில் உபகாரம், மற்றொரு மாநிலத்தில் சம்பளம். பின்பு கலிபோர்னியா சட்டமன்றம் இத்தகைய ஆட்டக்காரரை ஊழியர் என்னும் இலக்கணத்திலிருந்தே நீக்கிச் சட்டத்தைத் திருத்திவிட்டது.

இவ்வழக்குகள் தொடங்கிய ஐம்பதுகளில், சங்கத்தின் நிர்வாகத் தலைவர் வால்டர் பையர்ஸ் ஒரு சொற்றொடரை எங்கும் பரப்பினார்: ‘மாணவ விளையாட்டு வீரர்’. ஆட்டக்காரன் என்று எழுதாதீர்கள், இப்படியே எழுதுங்கள் என்று கல்லூரிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. நஷ்டஈட்டுச் சட்டத்திற்கு அஞ்சியே அச்சொல்லை ஆக்கினோம் என்று, ஓய்வு பெற்ற பின் 1995-இல் வெளியிட்ட நூலில் அவரே ஒப்புக்கொண்டார். இலக்கணம் கற்பிப்பவர்கள் இதனைக் கருத வேண்டும்: ஒரு பெயரடை ஒரு குடும்பத்தின் உரிமையையே மாற்றவல்லது.

1973-இல் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது, உதவித்தொகை நான்காண்டுக்கு உறுதியன்று. ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்றானது. ஓடமுடியாதவனை அடுத்த ஆண்டு விட்டுவிடலாம். இதனைப் படித்தபோது எனக்கு ஒரு நினைவு வந்தது. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கபடியில் சிறந்த சிற்றூர்ப் பையன் ஒருவனுக்கு விடுதிக் கட்டணத்தில் சலுகை தந்து சேர்த்திருந்தோம். மாவட்டப் போட்டியில் அவனது முழங்கால் பிசகிற்று. அடுத்த ஆண்டுச் சலுகைப் பட்டியல் என் மேசைக்கு வந்தபோது அவன் பெயர் அதில் இல்லை. நான் கையொப்பமிட்டேன். ஏன் இல்லை என்று அப்போது கேட்கவில்லை. பையன் வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டாவது முடிவு, கல்லூரிகளை மூன்று பிரிவாக வகுத்தது. முதற்பிரிவு பெரியன. இரண்டாம் பிரிவில் ஒரு கால்பந்து அணிக்கு 36 முழு உதவித்தொகைகளுக்குச் சமமான தொகையே உச்ச வரம்பு. அதனைத் தொண்ணூறு, நூறு பேருக்குப் பகிர வேண்டும். எனவே ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால், மற்றொருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும் என்று பின்னங்களாகப் பிரிக்கின்றனர். எந்தப் பையனுக்கு எத்தனை பின்னம் கொடுத்தால் வருவான், எவ்வளவு குறைத்தால் எதிர்க்கல்லூரிக்குப் போய்விடுவான் என்று கணக்கிடுவதே அங்கே பயிற்சியாளரின் வேலையில் பெரும்பகுதி. மூன்றாம் பிரிவிலோ ஆட்டத்திற்கென்று ஒரு காசும் தரலாகாது. ஹார்வர்டை வென்ற சென்டர் கல்லூரி இன்று இந்த மூன்றாம் பிரிவில்தான் இருக்கிறது.

காசு தரலாகாதென்றதும் ஆள்தேடல் ஓய்ந்ததென எண்ணிவிடாதீர்கள். இங்குத்தான் கதை தலைகீழாகிறது. இக்கல்லூரிகளில் பெரும்பாலானவை மாணவர் கட்டும் கட்டணத்தாலேயே வாழும் தனியார் கல்லூரிகள். அறிவிக்கப்படும் கட்டணம் மிக உயர்வு. அதைக் கேட்டுத் தந்தை திகைக்கும்போது, மதிப்பெண்ணுக்காகவோ குடும்ப நிலைக்காகவோ ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, அதற்கு உதவித்தொகை என்று பெயரிடுவர். அண்மை ஆண்டுகளில் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவருக்குச் செய்யும் தள்ளுபடி சராசரியாகப் பாதிக்கும் மேல். மூன்றாம் பிரிவு வீரர்களில் ஐந்தில் நால்வர் இத்தகைய உதவி ஏதேனும் பெறுகின்றனர் என்று சங்கமே கூறுகிறது. அது ஆட்டத்திற்காகத் தரப்படுவதன்று. எனினும் பையன் அந்தக் கல்லூரியைத் தேர்ந்தது ஆடுவதற்காக. மீதியை அவன் குடும்பம் கட்டுகிறது, அல்லது அவன் கடன் வாங்கிக் கட்டுகிறான். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் நூறு பேர் கால்பந்துக்காக வந்தால், பத்தில் ஒரு பங்கு வருவாய் அந்தப் பயிற்சியாளரின் கால்நடையில் இருக்கிறது. ஆண் மாணவர் தொகை குறைந்துவரும் நாளில் இது சிறிய செய்தியன்று. ஜார்ஜியாவின் பெர்ரி கல்லூரி 2013-இல் கால்பந்தைத் தொடங்கிற்று. அர்கன்சாவின் ஹென்ரிக்ஸ் கல்லூரி ஐம்பது ஆண்டுக்கு மேல் கைவிட்டிருந்ததை அதே ஆண்டு மீண்டும் தொடங்கிற்று.

முன்னே மக்மில்லினைத் தேடிச் சென்றவர், அவன் ஆட்டத்தைத் தேடிச் சென்றார். இன்று சிறு கல்லூரியின் பயிற்சியாளர் ஊர் ஊராகப் பள்ளி மைதானங்களில் நின்று தேடுவது, ஆடவும் விரும்பிக் கட்டவும் கூடிய பையனை. 2025-ஆம் ஆண்டு முதல் பெரும் பல்கலைக்கழகங்கள் வீரருக்கு நேரடியாகவே பணம் தரத் தொடங்கிவிட்டன. அங்கே சம்பளம் சம்பளமாகவே வெளிப்பட்டது. சிறு கல்லூரியிலோ, சம்பளம் கட்டுகிறவன் ஆட்டக்காரனாகிவிட்டான். நம் பழைய பள்ளிகள் வழங்கிய அந்த மற்றொரு பொருளில்.

இந்தக் கணக்கு எப்போதும் பலிப்பதும் இல்லை. அலபாமாவின் பர்மிங்காம்-சதர்ன் கல்லூரி 1939-இல் கால்பந்தைக் கைவிட்டது. பிற்காலத்தில் முதற்பிரிவில் சேர்ந்து வீரர்களுக்கு உதவித்தொகை வழங்கிற்று, செலவு தாங்கவில்லை. 2006-இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவு செய்து, உதவித்தொகையை விட்டொழித்து, மறு ஆண்டு கால்பந்து அணியை மீண்டும் எழுப்பிற்று. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பையன்கள் வந்தனர், கட்டினர், ஆடினர். ஆயினும் வேறு பல காரணங்களால் முற்றியிருந்த பணமுடை தீரவில்லை. 2024 மார்ச் மாதம் மூடப்போவதாக அறிவித்து, மே 31-ஆம் நாள் கல்லூரி மூடப்பட்டது. அன்று அதன் பேஸ்பால் அணி ஒஹையோவில் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. கால்பந்து அணியின் பையன்கள், வரும் பருவத்தில் தங்களைச் சேர்த்துக்கொள்ளும் வேறொரு கல்லூரியைத் தேட வேண்டியவராயினர்.